சாளரம் ஏன் உறைந்து போகிறது? தொடக்க நிரலாளர் பிழைகளுக்குப் பின்னால் உள்ள வரலாறு



கணினிக் கழகத்திலோ வகுப்பிலோ பைத்தான் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரிந்திருக்கும். கறுப்புத் திரையில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் நிரல்களைப் பிள்ளைகள் நாலைந்து வாரம் எழுதுகிறார்கள். நன்றாகவே போகிறது. அப்புறம் ஒரு மாணவர், "டீச்சர், உண்மையான புரோகிராம் மாதிரி சாளரம், பொத்தான் எல்லாம் வச்சு செய்யலாமா?" என்று கேட்கிறார். செய்யலாம். பைத்தானோடு சேர்ந்தே வரும் டிகேஇன்டர் அதற்குப் போதும். அந்த வாரத்திலிருந்து புகார்கள் தொடங்கிவிடும். "சாளரமே வரலை." "பொத்தானை அழுத்தாமலே ஓடுது." "அப்படியே நின்னுடுச்சு." "மார்க் ஒண்ணுக்கு மேல ஏறவே மாட்டேங்குது." "தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலா வருது."

இதில் நான் பயப்படுவது பிழைக்கு அல்ல. போன மாதம் எல்லாருக்கும் முன்னால் முடித்த பிள்ளை இந்த மாதம் "எனக்கு இது வராது போல" என்று ஒதுங்கிக்கொள்வதற்குத்தான். நாமும் "கவனமா எழுதுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறோம். கவனக்குறைவுதான் காரணம் என்றால் ஆளுக்கு ஒரு பிழை வர வேண்டும். ஆனால் வகுப்பு மாறினாலும் வருஷம் மாறினாலும் வருவது அதே ஏழெட்டுப் பிழைகள். அவற்றில் பல, 1980களில் சம்பளம் வாங்கிக்கொண்டு நிரல் எழுதியவர்களையும் படுத்தியவை. எங்கே பிறந்தது என்று தெரிந்துவிட்டால், மாணவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு ஒரே நிரலை வைத்துக்கொள்வோம்: எதிர்ச்சொல் வினாடி வினா. சாளரத்தில் "முடிவு" என்று ஒரு சொல், பக்கத்தில் பதில் எழுத ஒரு பெட்டி, கீழே "சரிபார்" என்று ஒரு பொத்தான், மூலையில் மதிப்பெண், 20 வினாடிக் கடிகாரம். மாணவர் "தொடக்கம்" என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

யார் யாருக்காகக் காத்திருப்பது?

1964 மே 1, விடியற்காலை 4 மணி. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் மொழியில் முதல் நிரல் ஓடியது. அதை உருவாக்கிய ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் கணிதப் பேராசிரியர்கள். அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அவர்கள் விருப்பம். தட்டச்சு முனையத்தின் முன் உட்கார்ந்தால் நிரல் ஒரு கேள்வி கேட்கும், மாணவர் பதில் தட்டுவார், நிரல் அடுத்த வரிக்குப் போகும். வரிசையை முடிவு செய்வது நிரல். மனிதர் அது கேட்கும்போது மட்டும் வாய் திறப்பார். நம் பிள்ளைகள் பைத்தானில் இன்புட், பிரின்ட் என்று எழுதிப் பழகியதும் இதே ஏற்பாடுதான்.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ஆல்ட்டோ என்ற கணினி பிறந்தபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. திரையில் படம், கையில் சுட்டி. 1984 ஜனவரியில் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் அதைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. 1985 நவம்பரில் விண்டோஸின் முதல் பதிப்பு வந்தது. சுட்டி கைக்கு வந்ததும் மனிதர் எதை முதலில் தொடுவார் என்று நிரலுக்குத் தெரியாது. பெட்டியில் எழுதலாம், எழுதாமலே பொத்தானை அழுத்தலாம், சாளரத்தை ஓரமாக இழுத்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். ஆகவே நிரல் தன் வரிசையை விட்டுக்கொடுத்துவிட்டு, "ஏதாவது நடந்ததா? ஏதாவது நடந்ததா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சுழற்சிக்குள் உட்கார வேண்டியதாயிற்று. இதைத்தான் நிகழ்வுச் சுழற்சி என்கிறோம்.

பழைய முறையில் கைதேர்ந்தவர்களுக்கு இது சுலபமாக இருக்கவில்லை. சி மொழியில் ஒரு வணக்கத்தை அச்சிட நாலைந்து வரி போதும். அதே வணக்கத்தை விண்டோஸ் சாளரத்தில் காட்டப் பல பத்து வரிகள் தேவைப்பட்டன. சாளரத்தின் வகையைப் பதிவு செய்து, சாளரத்தை உருவாக்கி, சுழற்சியை எழுதி, வந்து விழும் ஒவ்வொரு செய்திக்கும் என்ன செய்வது என்று தனியே சொல்ல வேண்டும். சார்லஸ் பெட்சோல்ட் என்பவர் 1988இல் எழுதிய 'புரோகிராமிங் விண்டோஸ்' என்ற நூலை வைத்துத்தான் ஒரு தலைமுறையே இதைக் கற்றது.

இப்போது முதல் இரண்டு புகார்களைப் பாருங்கள். சாளரம் வரவில்லை, அல்லது ஒரு கணம் மின்னி மறைகிறது என்றால் நிரலின் கடைசியில் மெயின்லூப் என்ற வரி இல்லை என்று அர்த்தம். பழைய பழக்கத்தில் மாணவர் "எல்லா வரியும் எழுதிட்டேன், ஓடி முடிஞ்சிடுச்சு" என்கிறார். ஓடி முடிந்ததுதான் பிரச்சினை! சாளர நிரல் முடியவே கூடாது, சுழற்சிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அழுத்தாமலே ஓடும் பொத்தான். பொத்தானை உருவாக்கும்போது கமாண்ட் என்ற இடத்தில் "சரிபார்" என்ற செயற்கூற்றின் பெயரை மட்டும் எழுத வேண்டும். மாணவர் பழக்கதோஷத்தில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியும் போட்டுவிடுவார். அடைப்புக்குறி போட்டால் "இப்பவே செய்" என்று பொருள். நிரல் தொடங்கும்போதே ஒரு முறை ஓடிவிடும், பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. கிளினிக்கில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள், முறை வந்ததும் அவர்கள் கூப்பிடுவார்கள். எண்ணை எழுதச் சொன்னால் அங்கேயே போனை எடுத்து அந்த எண்ணுக்கு அழைப்பது போலத்தான் இந்த அடைப்புக்குறி. பிள்ளைகளுக்கு இந்த உதாரணம் உடனே பிடிபடுகிறது.

ஐந்து வினாடி மௌனம்

கடிகாரத்துக்கு வருவோம். 20 வினாடி எண்ண வேண்டும் என்றதும் எல்லாப் பிள்ளையும் ஒன்றையே எழுதும்: ஒரு வொய்ல் சுழற்சி, உள்ளே ஸ்லீப் 1. கறுப்புத் திரையில் இது அழகாக வேலை செய்தது. சாளரத்தில் போட்டவுடன் எல்லாம் உறைகிறது. எண் மாறவில்லை, பெட்டியில் எழுத முடியவில்லை, சாளரம் வெளுத்துப்போய்த் தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வருகிறது. மாணவர் பயந்துவிடுகிறார், கணினியைக் கெடுத்துவிட்டோமோ என்று.

விண்டோஸ் 3.1 காலத்தில் அந்தப் பயத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. அப்போது நிரல்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துத்தான் ஓடின. ஒரு நிரல் தன் சுழற்சிக்குத் திரும்பாமல் வேறு வேலையில் மூழ்கிவிட்டால், மற்ற எல்லா நிரல்களும் அதற்காகக் காத்து நிற்கும். திரையில் மணற்கடிகாரம், நாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, புதிய நிரல்களைப் பொறுத்தவரை, நேரத்தைப் பங்கிடும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மாட்டிக்கொண்ட நிரல் மட்டும் நிற்கும், மற்றவை ஓடும்.

ஆனால் மாட்டிக்கொண்ட அந்த ஒன்று இன்றும் அதே காரணத்தால்தான் நிற்கிறது. சுட்டி அசைந்தது, விசை அழுத்தப்பட்டது, சாளரத்தை மறுபடி வரைய வேண்டும் என்ற செய்திகளெல்லாம் ஒரு வரிசையில் வந்து நிற்கின்றன. எடுப்பதற்கு ஆள் இல்லை, ஏனென்றால் எடுக்க வேண்டிய சுழற்சி ஸ்லீப்பில் தூங்குகிறது. 5 வினாடி வரை செய்தியை எடுக்க யாரும் வராவிட்டால் அந்த நிரல் பதில் தரவில்லை என்று விண்டோஸ் முடிவு கட்டுகிறது. வெளுத்துப்போன சாளரம் என்பது விண்டோஸ் அதன் மேல் போர்த்திவிடும் நகல். எதுவும் கெட்டுப்போகவில்லை.

மருந்து எளிது. டிகேஇன்டரில் ஆஃப்டர் என்று ஒரு கட்டளை உண்டு. "ஆயிரம் மில்லிவினாடி கழித்து இந்தச் செயற்கூற்றைக் கூப்பிடு" என்று சுழற்சியிடமே சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அந்தச் செயற்கூறு எண்ணில் ஒன்றைக் குறைத்து, திரையில் காட்டி, மறுபடி ஆஃப்டர் சொல்லிவிட்டு வெளியேறும். வொய்ல் வேண்டாம், ஸ்லீப் வேண்டாம். இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடும் சுட்டியான பிள்ளைகள் திரெட் என்று ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். இருபது வினாடி எண்ணுவதற்கு அது தேவையில்லாத தலைவலி, இப்போதைக்கு மூடி வையுங்கள். இன்னொரு குறுக்குவழி அப்டேட் கட்டளை. விசுவல் பேசிக் காலத்தில் இதற்கு டூஇவென்ட்ஸ் என்று பெயர். நீண்ட வேலைக்கு நடுவே "வந்த செய்திகளைக் கொஞ்சம் கவனி" என்று சொல்வது. கவனிக்கும் அந்த நேரத்தில் பயனர் அதே பொத்தானை மறுபடி அழுத்தினால், முதல் வேலை முடியுமுன்னே இரண்டாவது அதற்குள் புகுந்துவிடும். அப்போது இரண்டு கடிகாரம் ஒரே எண்ணைக் குறைக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், திருத்துவது கடினம்.

விசுவல் பேசிக் தந்த வரமும் வம்பும்

அத்தனை பத்து வரிகளையும் மறைத்தவர் ஆலன் கூப்பர். சாளரத்தின் பாகங்களை இழுத்துவைத்துத் தோற்றம் அமைக்கும் ஒரு கருவியை உருவாக்கி, 1988இல் பில் கேட்ஸிடம் காட்டினார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கித் தன் பேசிக் மொழியோடு இணைத்தது. 1991 மே மாதம் விசுவல் பேசிக் வந்தது. பொத்தானை இழுத்து வை, அதன் மேல் இருமுறை தட்டு, திறக்கும் இடத்தில் எழுது, முடிந்தது. நிரலாளர் அல்லாத எத்தனையோ பேர் இதை வைத்துத் தங்கள் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வேண்டிய மென்பொருளைத் தாங்களே செய்துகொண்டார்கள். என்னைக் கேட்டால், டார்ட்மத் பேராசிரியர்கள் 1964இல் ஆசைப்பட்டதற்கு இதைவிட நெருக்கமாக வந்த கருவி ரொம்பக் குறைவு.

வம்பு என்னவென்றால், எல்லாவற்றையும் பொத்தானுக்குள்ளேயே எழுதும் பழக்கம். மதிப்பெண் ஏறாத புகார் இங்கிருந்துதான். மாணவர் "மதிப்பெண் சமம் 0" என்பதையும் சரிபார் செயற்கூற்றுக்குள் எழுதிவிடுகிறார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்த மாறி புதிதாகப் பிறந்து, ஒன்று கூடி, மறைந்துவிடுகிறது. விசுவல் பேசிக்கில் இதற்காகவே ஸ்டாட்டிக் என்ற சொல்லை வைத்திருந்தார்கள். பைத்தானில் மாறியை வெளியே வைத்துவிட்டு, செயற்கூற்றின் முதல் வரியில் குளோபல் என்று அறிவிக்கச் சொல்லுங்கள். குளோபல் கூடாது என்று நூல்கள் திட்டும். படிவம் 2 பிள்ளைக்கு முதலில் மதிப்பெண் ஏறட்டும், கிளாஸ் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, 5ஐயும் 3ஐயும் கூட்டினால் 53 வருவது. பெட்டியில் இருப்பது எப்போதும் எழுத்துச் சரம்தான், எண் அல்ல. விசுவல் பேசிக்கிலும் இதே குழப்பம் இருந்தது, ஒட்டுவதற்கென்றே தனிக் குறி கொடுத்திருந்தும். இன்ட் போட்டு எண்ணாக மாற்றினால் தீர்ந்தது.

இல்லாததைத் தேடுவது

"நன்டைப் ஆப்ஜெக்டுக்கு கெட் என்பது இல்லை" என்று ஒரு பிழைச் செய்தி வரும். பதில் பெட்டியை உருவாக்கி, அதே வரியில் புள்ளி வைத்து கிரிட் என்றும் எழுதி, முழுவதையும் ஒரு பெயரில் சேமித்திருப்பார். கிரிட் பெட்டியை இடத்தில் வைக்கும், திருப்பித் தருவதோ ஒன்றுமில்லை. ஆக அந்தப் பெயரில் இருப்பது பெட்டி அல்ல, வெறுமை. இரண்டு வரியாகப் பிரித்து எழுதினால் சரியாகிவிடும்.

இந்த வெறுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1965இல் அல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்தபோது டோனி ஹோர், எதையும் சுட்டாத சுட்டு ஒன்றைச் சேர்த்தார், செய்வது சுலபமாக இருந்ததால். 2009இல் லண்டனில் ஒரு மாநாட்டில் பேசியபோது, அதைத் தன்னுடைய பில்லியன் டாலர் பிழை என்று அவரே சொன்னார். கணினியியலின் உயரிய டூரிங் விருது பெற்றவர் அவர். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் கொஞ்சம் மலரும்.

படம் காணாமல் போவதும் உண்டு. செயற்கூற்றுக்குள் படத்தை ஏற்றி லேபிளில் வைத்தால், பிழைச் செய்தியே இல்லாமல் வெற்று இடம் தெரியும். டிகே என்பது பெர்க்லியில் ஜான் அவுஸ்டர்ஹௌட் தன் டிசிஎல் மொழிக்காகச் செய்த கருவி, பைத்தான் அதை இரவல் வாங்கிக்கொண்டது. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. லேபிள் அந்தப் படத்தைப் பயன்படுத்துகிறது என்பது டிகேவுக்குத் தெரியும், பைத்தானுக்குத் தெரியாது. செயற்கூறு முடிந்ததும் யாருக்கும் வேண்டாத பொருள் என்று பைத்தான் அதைத் துடைத்துவிடுகிறது. படத்தின் பெயரை லேபிளோடேயே ஒட்டிச் சேமித்து வைத்தால் போகாது.

புள்ளி வைத்தால் பிழை

கடைசியாக, நம் மொழிக்கே உரிய சிக்கல். மற்ற கணினி ஆசிரியர்களைவிட தமிழாசிரியர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

1998இல் வந்த விசுவல் பேசிக் 6இன் எழுத்துப் பெட்டியில் யூனிகோட் தமிழை ஏற்றினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். உள்ளே சரங்கள் யூனிகோட்தான், ஆனால் பெட்டிக்குப் போகும் வழியில் அவை பழைய 256 இடக் குறியீட்டுப் பட்டியலாக மாற்றப்பட்டன. தமிழுக்கு விண்டோஸில் அப்படிப்பட்ட பட்டியலே கிடையாது. அதனால்தான் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலும் அவற்றை அடுத்த இடங்களிலும் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் பெருகின, ஆளுக்கு ஒரு முறையில். எந்த முறையைப் பொதுவாக்குவது என்று 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் நடந்த தமிழ்நெட்97 மாநாடு முதல் பேசினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பல பள்ளிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் அறிமுகமான பெயர். விண்டோஸ் 2000தான் யூனிகோட் தமிழை லதா எழுத்துருவோடு தாங்கி வந்தது. உங்கள் பள்ளிக் கணினியில் பழைய கேள்வித்தாள் ஒன்று கிறுக்கலாகத் திறந்தால், அது அந்தக் காலத்து எச்சம்.

இன்று பைத்தான் 3இல் சரங்கள் முழுக்க யூனிகோட். இருந்தும் சொற்களை ஒரு கோப்பில் எழுதி வைத்து ஓப்பன் கட்டளையால் திறந்தால், நம் விண்டோஸ் கணினிகளில் பைத்தான் பல பதிப்புகளாக அந்தப் பழைய பட்டியலைத்தான், 1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பட்டியலைத்தான், எடுத்துக்கொள்கிறது. இங்கே ஒரு வேடிக்கை. கோப்பு சேமிக்கப்படும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அந்த மூன்றில் கடைசி பைட் சில குறிகளுக்கு 1252 பட்டியலின் காலி இடத்தில் போய் விழும். மெய்யெழுத்தின் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவை அப்படிப்பட்டவை. அதனால் கோப்பில் "நிலா" மட்டும் இருந்தால் கிறுக்கல் வரும், பிழை வராது. "தமிழ்" இருந்தால் நிரலே நின்றுவிடும். ஒரு மாணவருக்குக் கிறுக்கலும் பக்கத்து மாணவருக்குப் பிழையும் ஏன் என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே நோய். ஓப்பன் கட்டளையில் என்கோடிங் என்பதற்கு யுடிஎஃப்-8 என்று எழுதினால் இரண்டும் போகும்.

அடுத்தது, சரியான விடை தவறு என்று வருவது. மாணவர் "தொடக்கம்" என்றே எழுதியிருப்பார். கோப்பிலும் "தொடக்கம்"தான். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சரங்கள். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் கட்டளையால் என்எஃப்சி வடிவுக்கு மாற்ற வேண்டும். கூடவே ஸ்ட்ரிப் போட்டு ஓரத்து இடைவெளியையும் நீக்கிவிடுங்கள். சரியாக எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் தரும் நிரலை அது மறுபடி தொடாது.

மூன்றாவது, எழுத்தெண்ணிக்கை. "ஐந்து எழுத்துச் சொல்" என்று துப்புக் கொடுக்க ஆசைப்பட்டு மாணவர் லென் கட்டளையைக் கேட்டால், "தொடக்கம்" என்பதற்கு அது 8 என்கிறது. இதன் வேர் 1988இல் இந்தியாவில் வகுத்த இஸ்கி குறியீட்டில் இருக்கிறது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே வார்ப்பு. அகரம் ஏறிய "க" அடிப்படை, புள்ளி வைத்து அகரத்தை நீக்கினால் "க்". யூனிகோட் 1991இல் அதையே தன் தமிழ்ப் பகுதிக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. நாம் வகுப்பில் சொல்வதோ நேர் எதிர்: மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய். நம் இலக்கணத்தில் 247 எழுத்துகள், லென் எண்ணுவதோ குறிகளை.

திருத்த ஒரு சிறு செயற்கூறு போதும். சரத்தில் உள்ள ஒவ்வொரு குறியின் வகையையும் யூனிகோட்டேட்டாவில் கேட்டு, வகைப்பெயர் எம் என்ற எழுத்தில் தொடங்கினால் அதை எண்ணாமல் விட வேண்டும். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் அந்த வகையில் வரும். "தொடக்கம்" இப்போது 5. "அஃது" 3, ஆய்தமும் சரியாகவே வருகிறது. வகுப்பில் லக்ஷ்மி என்று ஒரு பிள்ளை இருந்தால் மட்டும் தன் பெயருக்கு 4 என்று வருகிறதே என்று கேட்பாள். க், ஷ இரண்டையும் நிரல் தனித்தனியாக எண்ணுகிறது. அதற்கு இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை அவளையே எழுதச் சொல்லுங்கள்.